மேஜிக்: தி கேதரிங் தொடக்கச் சீட்டுக்கட்டு

மேஜிக்: தி கேதரிங் தொடக்கச் சீட்டுக்கட்டு என்பது, அப்பெயர் கொண்ட சேகரிப்புச் சீட்டு விளையாட்டைப் புதிதாகக் கற்போர் உடனே ஆடத் தொடங்கும் வகையில் விற்கப்படும் சீட்டுத் தொகுதி ஆகும். அமெரிக்காவைச் சேர்ந்த விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 1993 ஆகஸ்டில் இவ்விளையாட்டை வெளியிட்டபோதே 'ஸ்டார்ட்டர் டெக்' என்ற பெயரில் இத்தகைய கட்டும் விற்பனைக்கு வந்தது. ஆனால் அன்று அப்பெயரில் விற்கப்பட்டதும் இன்று தொடக்கக்காரருக்கு விற்கப்படுவதும் ஒன்றல்ல. முன்னதில் என்னென்ன சீட்டுகள் இருக்கும் என்பது வாங்குபவருக்குத் தெரியாது. பின்னதில் ஒவ்வொரு சீட்டும் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டது.

பின்னணி

கணிதவியலாளரான ரிச்சர்ட் கார்ஃபீல்டு இவ்விளையாட்டை வடிவமைத்தார். இதில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் தமது சொந்தச் சீட்டுக்கட்டைக் கொண்டுவந்து ஆடுவர். இருவருக்கும் 20 உயிர்ப்புள்ளிகள் உண்டு. எதிராளியின் புள்ளிகளைச் சுழியாக்குபவர் வெல்வார். வெள்ளை, நீலம், கருப்பு, சிவப்பு, பச்சை என மந்திரங்கள் ஐந்து நிறத்தவை. அவற்றைப் பயன்படுத்த 'மானா' எனப்படும் ஆற்றல் தேவை. சமவெளி, தீவு, சதுப்புநிலம், மலை, காடு ஆகிய நிலச் சீட்டுகள் முறையே அந்நிறங்களுக்கான மானாவைத் தருகின்றன. முதலில் கையில் 7 சீட்டுகளும், பிறகு முறைக்கு ஒரு சீட்டும் எடுக்கப்படும். ஒரு முறையில் ஒரு நிலத்தை மட்டுமே இறக்க இயலும். ஆகவே தேவையான நிறத்தின் நிலம் உரிய நேரத்தில் கைக்கு வராவிடில், எவ்வளவு வலிய மந்திரம் கையில் இருந்தும் பயனில்லை.

முதல் தொடக்கக் கட்டுகள்

1993ஆம் ஆண்டின் தொடக்கக் கட்டில் 60 சீட்டுகளும் ஒரு சிறு விதிநூலும் இருந்தன. இதனுடன் 15 சீட்டுகள் கொண்ட பூஸ்டர் பொதிகளும் தனியே விற்கப்பட்டன. இரண்டிலும் சீட்டுகள் அருமையின் அடிப்படையில் எழுந்தமானமாக நிரப்பப்பட்டிருந்தன. ஒருவர் ஒரு கட்டையும் சில பொதிகளையும் மட்டுமே வாங்குவார், மற்றதை நண்பர்களிடம் பண்டமாற்றுச் செய்துகொள்வார் என்று கார்ஃபீல்டு கருதினார். மிக வலிய சீட்டுகள் அரிதாக இருந்தால் ஒரு நட்புக் குழுவில் ஒன்றிரண்டே இருக்கும் என்பதும் இக்கணக்கில் அடங்கும். விளையாட்டு பரவிய வேகம் இக்கணக்கைப் பொய்யாக்கியது.

எழுந்தமானமாக நிரப்பிய கட்டின் குறையை எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு கட்டில் 20 நிலங்கள் ஐந்து நிறங்களுக்கும் நான்கு நான்காகப் பிரிந்துள்ளன எனக் கொள்வோம். 60 சீட்டுகளில் 4 மட்டுமே மலையாயின், முதல் மலை சராசரியாகப் பன்னிரண்டாவது சீட்டாகவே வரும். அதாவது ஏறத்தாழ ஐந்தாவது முறை வரை சிவப்பு மந்திரங்கள் அனைத்தும் கையில் முடங்கிக் கிடக்கும். 12 மலைகள் இருப்பின் முதல் மலை சராசரியாக ஐந்தாவது சீட்டிற்குள், அதாவது முதலில் எடுக்கும் 7 சீட்டுகளுக்குள்ளேயே, கிடைத்துவிடும். கட்டு ஒன்றிரண்டு நிறங்களில் அமைய வேண்டும் என்று தேர்ந்த ஆட்டக்காரர்கள் வலியுறுத்துவதன் காரணம் இதுவே. இதை அறியாத புதியவர் வாங்கியபடியே கட்டைக் கலைத்து ஆடினால், தோல்விக்குத் தமது திறமைக் குறைவே காரணம் என்று எண்ண நேரிடும்.

அன்றைய விதிகளில் பந்தயச் சீட்டு முறையும் இருந்தது. ஆட்டத் தொடக்கத்தில் இருவரும் தத்தம் கட்டிலிருந்து ஒரு சீட்டை எழுந்தமானமாக ஒதுக்கி வைப்பர். வென்றவர் இரண்டையும் எடுத்துக்கொள்வார். புதியவர் தம் கட்டில் உள்ளதன் மதிப்பை அறியுமுன்னரே அதை இழக்கக்கூடும். அக்கட்டுகளில் கிடைத்த 'பிளாக் லோட்டஸ்' சீட்டின் முதற்பதிப்புப் படி ஒன்று 2021இல் 5,11,100 அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது என்பதை இங்குக் குறிப்பிடலாம். பந்தயத்தைக் குறிப்பிடும் சீட்டுகள் 1995க்குப் பின் அச்சிடப்படவில்லை, அம்முறையும் வழக்கொழிந்தது.

போர்ட்டல்

1997இல் வெளியான 'போர்ட்டல்' தொகுதி, கட்டை மாற்றுவதற்குப் பதிலாக விளையாட்டையே எளிமையாக்க முயன்றது. நிலம், உயிரினம், தம் முறையில் மட்டும் பயன்படுத்தும் மந்திரம் ஆகிய மூவகைச் சீட்டுகளே இதில் இருந்தன. எதிராளியின் முறையிலும் பயன்படுத்தத்தக்க 'இன்ஸ்டன்ட்' வகை நீக்கப்பட்டது. கலைச்சொற்களும் மாற்றப்பட்டன: தடுத்தலைக் குறிக்கும் 'பிளாக்' என்ற சொல் 'இன்டர்செப்ட்' ஆயிற்று, 'கிரேவ்யார்டு' என்பது 'டிஸ்கார்ட் பைல்' ஆயிற்று.

இதன் விளைவு எதிர்பார்த்தபடி அமையவில்லை. போர்ட்டல் வழியாகக் கற்றவர் முழு விளையாட்டிற்கு வரும்போது சொற்களை மீண்டும் கற்க வேண்டியிருந்தது. அத்துடன் அச்சீட்டுகள் அதிகாரபூர்வப் போட்டிகளில் அனுமதிக்கப்படவில்லை. கற்பதற்காகப் பணம் கொடுத்து வாங்கிய சீட்டுகள், கற்ற பின் போட்டிக்கு உதவாதவை ஆயின. 1998, 1999 ஆண்டுகளில் மேலும் இரு போர்ட்டல் தொகுதிகளும், 1999இல் 'ஸ்டார்ட்டர்' என்ற தொகுதியும் வந்தன. 2005 அக்டோபரில்தான் இச்சீட்டுகள் விண்டேஜ், லெகசி ஆகிய போட்டி வகைகளில் ஏற்கப்பட்டன. சீனத்தின் மூன்று இராச்சியங்களின் கதையை அடிப்படையாகக் கொண்ட 1999ஆம் ஆண்டுத் தொகுதி ஆங்கிலத்தில் குறைவாகவே அச்சிடப்பட்டது. ஆகவே, புதியவருக்கென அச்சிட்ட 'இம்பீரியல் சீல்' போன்ற சீட்டுகள் பின்னர் அனுபவசாலிகளே வாங்கத் தயங்கும் விலைக்கு உயர்ந்தன.

முன்னமைந்த கட்டுகள்

1997 அக்டோபரில் வெளியான 'டெம்பெஸ்ட்' தொகுதியுடன் நான்கு கருப்பொருள் கட்டுகள் விற்கப்பட்டன. இவை ஒவ்வொன்றும் 60 சீட்டுகள் கொண்டு, பெட்டியைப் பிரித்தவுடன் ஆடத்தக்கவையாக அமைக்கப்பட்டன. இம்முறையே நிலைத்தது. 2008இல் 'இன்ட்ரோ பேக்', 2016இல் 'பிளேன்ஸ்வாக்கர் டெக்' எனப் பெயர்கள் மாறின. கடைகளில் இலவசமாக வழங்கும் பொருட்டு 2016இல் ஒற்றை நிற 30 சீட்டுகள் கொண்ட வரவேற்புக் கட்டுகளும் வெளியாயின. இரண்டைச் சேர்த்தால் 60 சீட்டுக் கட்டு ஆகும்.

முன்னமைந்த கட்டு ஒன்றில் பொதுவாக இரு நிறங்களும், 24 அளவில் நிலங்களும் இருக்கும். 60க்கு 24 எனில், முதல் 7 சீட்டுகளில் சராசரியாக 2.8 நிலங்கள் கிடைக்கும். போட்டி விதிப்படி அடிப்படை நிலம் அல்லாத ஒரே சீட்டில் நான்கு படிகள் வரை வைக்கலாம். எனினும் இக்கட்டுகளில் பல சீட்டுகள் ஒற்றைப் படியாகவே இருக்கும். இதனால் புதியவர் பலவகைச் சீட்டுகளைக் காண முடிகிறது. ஆனால் கட்டு சீராக இயங்குவதில்லை. கடைப் போட்டிக்கு இதை அப்படியே எடுத்துச் செல்பவர் பெரும்பாலும் தோற்பார். இவற்றை வலிமையாக அமைப்பதிலும் சிக்கல் உண்டு. விலையுயர்ந்த சீட்டைச் சேர்த்தால், அச்சீட்டுக்காகவே பழைய ஆட்டக்காரர்களும் மறுவிற்பனையாளர்களும் கட்டை வாங்கிவிட, அது புதியவரைச் சென்றடைவதில்லை.

போட்டியில் அடியெடுத்து வைப்போருக்காக வெளியான 'ஈவென்ட் டெக்' வரிசையில் இச்சிக்கல் வெளிப்படையாகத் தெரிந்தது. 2011இல் வந்த 'வார் ஆஃப் அட்ரிஷன்' கட்டில் 'ஸ்டோன்ஃபோர்ஜ் மிஸ்டிக்' சீட்டின் இரு படிகள் இருந்தன. அச்சீட்டு போட்டிகளில் அளவுமீறிய ஆதிக்கம் செலுத்தியதால் அதே ஆண்டு சூலை 1 முதல் ஸ்டாண்டர்டு வகையில் தடைசெய்யப்பட்டது. ஆனால் அப்போதுதான் விற்பனைக்கு வந்திருந்த கட்டை வாங்கியவர்கள் அதைக் கொண்டு போட்டியில் ஆட இயலாமற் போவது முறையன்று எனக் கருதப்பட்டது. எனவே, ஒரு சீட்டைக் கூட மாற்றாமல் அக்கட்டை அப்படியே ஆடுபவருக்கு மட்டும் தடையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. ஒரே அரங்கில் அனுபவசாலிக்கு மறுக்கப்பட்ட சீட்டைப் புதியவர் பயன்படுத்தலாம் என்ற இவ்விதி இவ்விளையாட்டின் வரலாற்றில் அரிதான ஒன்றாகும்.

அரைக்கட்டு முறை

2020 சூலையில் அறிமுகமான 'ஜம்ப்ஸ்டார்ட்' பொதிகள் ஒவ்வொன்றிலும் நிலங்கள் உட்பட 20 சீட்டுகள் உள்ளன. ஏதேனும் இரண்டைப் பிரித்துச் சேர்த்துக் கலைத்தால் 40 சீட்டுக் கட்டு கிடைக்கும். முதல் வெளியீட்டில் 46 கருப்பொருள்களில் 121 வகைப் பொதிகள் இருந்தன. எப்பொதி கிடைக்கும் என்பது தற்செயலானது; பொதிக்குள் உள்ள சீட்டுகளோ திட்டமிட்டவை. இவ்வகையில் 1993ஆம் ஆண்டின் எதிர்பாராத இன்பத்தை, அதன் நிறக் குழப்பமின்றி, இது மீட்டெடுத்தது எனலாம்.

2024 நவம்பரில் வெளியான 'ஃபவுண்டேஷன்ஸ்' தொகுதியின் தொடக்கக்காரர் பெட்டியும் இம்முறையையே பின்பற்றுகிறது. இதில் 20 சீட்டுகள் கொண்ட பத்துப் பொதிகள் உள்ளன. அவற்றில் பூனைகள், இரத்தக்காட்டேரிகள் ஆகிய இரு பொதிகளின் சீட்டுகள் குறித்த வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன. கையேடு ஒவ்வொரு முறையாக வழிகாட்டுவதால், முதல் ஆட்டத்திற்கு இவ்விரண்டையும் கலைக்கக் கூடாது.