எழாக் கணினியும் அழியா ஏடுகளும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வாயிலில் ஓங்கி நிற்கும் கோணமாமலையில் விளங்கிய கோணேசர் ஆலயம், 1624ஆம் ஆண்டிற் போர்த்துக்கீசரால் இடித்தழிக்கப்பட்டது. அதன் கற்கள் கோட்டை மதில்களிற் சென்று சேர்ந்தன. ஆயினும், ஆலயத்தோடு அனைத்தும் அழிந்துபோகவில்லை. 1950ஆம் ஆண்டில் நகரிற் கிணறு தோண்டியபொழுது, மண்ணுள் மறைந்துகிடந்த செப்புத் திருமேனிகள் சில வெளிப்பட்டன. கட்டடம் வீழ்தல் ஒன்று. உள்ளிருந்த செல்வம் அழிதல் பிறிதொன்று. இவ்வேறுபாடு, இக்காலத்து இல்லந்தோறும் காணப்படும் கணினிக்கும் பொருந்துவதாகும்.

போராலும் 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையாலும் இடம்பெயர்ந்த இம்மாவட்டத்து மக்கள், காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் இழத்தலின் துன்பத்தை நன்கறிவர். அத்தகைய பத்திரங்களின் படிகளும், மறைந்தோரின் நிழற்படங்களும் இன்று கணினியுள்ளே உறைகின்றன. ஒருநாள் விசையை அழுத்தியும் திரை இருண்டே கிடக்குமாயின் நெஞ்சம் கலங்குதல் இயல்பே. ஆனால், அக்கலக்கத்தில் ஆற்றும் அவசரச் செயலே பெரும்பாலும் மீளா இழப்பிற்குக் காரணமாகின்றது.

கணினி எழாமைக்குக் காரணங்கள் பல. மின்வழங்கி பழுதுறலாம், தாய்ப்பலகையின் இணைப்புகளிற் கடற்காற்றின் உப்பும் ஈரமும் படிந்து துருவேறலாம், நினைவகம் தளரலாம், இயங்குதளம் சிதைவுறலாம். இவற்றுள் எது நேரினும், கோப்புகள் தங்கியிருக்கும் வன்தட்டு நலமாகவே இருத்தல் கூடும். வன்தட்டே பழுதுறுங்காலையிலேதான் நிலைமை கடினமாகின்றது.

ஆகவே, முதலிற் செய்யத்தக்கது யாதெனின், எதனையும் புதிதாக எழுதாதிருத்தலேயாம். இயங்குதளத்தை மீள நிறுவுதல் பழைய கோப்புகளின் மேல் புதியனவற்றை எழுதிவிடக் கூடும். அவ்வாறு எழுதப்பட்ட இடத்தில் முன்னிருந்ததை மீட்டல் இயலாது.

இயங்குதளம் மட்டுமே சிதைந்ததாயின், வேறொரு கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தைப் பென்டிரைவ் ஒன்றிற் பதித்து, அதனைக் கொண்டே பழுதுற்ற கணினியைத் தொடக்கலாம். அப்பொழுது அது உள்ளிருக்கும் இயங்குதளத்தை நாடாது. கோப்புகளைக் கண்டு, வெளி வன்தட்டொன்றிற் படியெடுத்துக்கொள்ளலாம். கணினி முற்றாக உயிரற்றுக் கிடப்பின், வன்தட்டைக் கழற்றி, உரிய இணைப்பியின் வழியாக மற்றொரு கணினியோடு பொருத்துதல் வழியாகும். சில மடிக்கணினிகளிற் சேமிப்பகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருத்தலின், அவற்றிற்கு இம்முறை உதவாது. கோப்புகள் மறைகுறியிடப்பட்டிருப்பின் மீட்புச் சாவியும் வேண்டும். விண்டோஸின் பிட்லாக்கர் முறையில் அது 48 இலக்கங்கள் கொண்டது. அச்சாவியைக் கணினிக்கு வெளியே எழுதிவையாதவர், வன்தட்டு நலமாயிருந்தும் அதனுட் புக இயலாதவராவர்.

வன்தட்டினின்றும் தட்டும் ஓசையோ உராயும் ஓசையோ எழுமாயின், உடனே மின்னிணைப்பை நீக்குதல் வேண்டும். உள்ளே சுழலும் தகட்டை வாசிமுனை தீண்டுவதன் அறிகுறியாக அது இருக்கலாம்; ஒவ்வொரு சுழற்சியும் சேதத்தைப் பெருக்கும். கடல்நீரில் நனைந்த வன்தட்டிற்கும் மின்னூட்டலாகாது. வெயிலிலோ நெருப்பருகிலோ உலர்த்தலும் ஆகாது. நீர் வற்றுங்கால் உப்புத் தகட்டின்மேற் படியும் ஆதலின், ஈரம் உலராவண்ணம் உறையிலிட்டு, தூசற்ற அறை வசதியுடைய வல்லுநரிடம் ஒப்படைத்தலே தக்கது.

மீட்டலினும் சிறந்தது முற்காப்பாகும். ஒவ்வொரு கோப்பிற்கும் மூன்று படிகள், இருவகை ஊடகங்களில், ஒன்றேனும் வேற்றிடத்தில் இருத்தல் வேண்டுமென்பது அறிந்தோர் கொள்ளும் விதி. கடலோரத்து வீட்டில் மூன்று படிகளையும் ஒரே அலுமாரியில் வைத்தல் ஒரு படி வைத்ததற்கே ஒப்பாகும். ஓர் அலை மூன்றையும் கொண்டுசெல்லும். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபொழுது, வேறெங்கும் படியில்லாத ஏடுகள் என்றென்றைக்குமாக மறைந்தன. எஞ்சிய ஈழத்து நூல்களையேனும் காக்கும் நோக்குடன் 2005ஆம் ஆண்டில் நூலகம் என்னும் இலத்திரனியல் நூலக முயற்சி தொடங்கப்பட்டமை, பல படிகளின் இன்றியமையாமையைத் தமிழர் உணர்ந்தமைக்குச் சான்றாகும்.

கோணேசர் ஆலயத்தைக் காக்க இயலாதெனக் கண்டோர், திருமேனிகளையேனும் காத்தல் கருதி அவற்றை மண்ணுள் மறைத்தனர் என்பர். ஆலயம் 1963ஆம் ஆண்டில் மீண்டும் குடமுழுக்குக் கண்டது. கணினியும் அவ்வாறே, உடலை மீண்டும் வாங்கலாம். உள்ளிருக்கும் ஏடுகளோ ஒருமுறை அழிந்தால் விலைக்குக் கிடையா. எதனை முதலிற் காத்தல் வேண்டுமென்று முன்னரே தெளிந்திருப்பவரே, இடர் வந்துற்றவிடத்தும் கலங்காதவராவர்.