தறிக்கும் ஓர் ஆய்வுக்கூடம்

சென்னைத் தரமணியில் ஐஐடி வளாகத்தை ஒட்டியிருக்கும் ஆராய்ச்சிப் பூங்காவில் இடம்பிடிக்கும் நிறுவனம் வாடகை கட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. பேராசிரியர்களோடு சேர்ந்து ஆய்வு செய்ய வேண்டும், மாணவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும், தன் பொறியாளர்களை அங்கேயே மேற்படிப்பு படிக்க விட வேண்டும். இப்படிச் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் புள்ளிகள் உண்டு. எடுத்திருக்கும் இடத்தின் அளவுக்கேற்ப அந்தப் புள்ளிகளைச் சேர்த்துக் காட்டியாக வேண்டும். 2010இல் முதல் கட்டடம் திறக்கப்பட்ட இந்தப் பூங்கா, ஒரு கல்வி நிறுவனத்தைச் சார்ந்து இந்தியாவில் எழுந்தவற்றில் முதலாவது. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முன்னின்று வளர்த்தது. அங்கே பிறந்த எத்தனையோ கருவிகளைக் காட்டிலும் இந்தப் புள்ளிக் கணக்கைத்தான் நான் உயர்வாக மதிக்கிறேன்.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். பேராசிரியருக்கு ஆய்வுக் கட்டுரை முக்கியம். ஆலைக்காரருக்கு அடுத்த மாத உற்பத்தி முக்கியம். ஒரே ஊரில் இருந்தும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காமலே இருவருக்கும் காலம் ஓடிவிடும்.

சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அக்னிகுல் நல்ல சான்று. 2017இல் தொடங்கிய ராக்கெட் நிறுவனம் அது. எரிதல் பற்றிய ஆய்வில் பல்லாண்டு ஊறிய ஐஐடி பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தி அதற்குத் துணை நின்றார். ராக்கெட் இயந்திரம் என்பது எதிரெதிர் வெப்பநிலைகள் விரற்கடை தூரத்தில் நிற்கும் இடம். ஒரு குழாயில் மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும் ஆக்சிஜன் திரவமாக வருகிறது. அதை ஒட்டிய அறையிலேயே எரிபொருளோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான டிகிரியில் எரிகிறது. பல துண்டுகளாகச் செய்து பற்றவைத்தால், ஒவ்வொரு பற்றவைப்பும் கசிவுக்கும் விரிசலுக்கும் இடம் கொடுக்கும். அக்னிகுல் பற்றவைப்பையே ஒழித்துவிட்டது. உலோகத் தூளை மெல்லிய படலமாகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசரால் உருக்கி, அதன்மேல் அடுத்த படலம் என்று முப்பரிமாண அச்சில் முழு இயந்திரத்தையும் ஒரே துண்டாக எடுத்தார்கள். இந்த முறையில் அச்சிட்டால் உலோகம் எப்படி நடந்துகொள்ளும், சுவாலை எங்கே தடுமாறும் என்பதெல்லாம் பாடநூலில் முழுசாகக் கிடைக்காது. ஓட்டிப் பார்க்க வேண்டும், பழுதைப் பேராசிரியரிடம் காட்ட வேண்டும், மறுபடி அச்சிட வேண்டும். கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்ட சில முயற்சிகளுக்குப் பிறகு, 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தங்கள் சொந்த ஏவுமேடையிலிருந்து சோதனை ராக்கெட்டை அனுப்பினார்கள்.

ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் தரமணிக்கும் எட்டுகிற தொலைவில்தான் திருத்தணி இருக்கிறது. முருகன் மலையைச் சுற்றிப் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் என்று விசைத்தறி ஊர்கள். எல்லை தாண்டினால் ஆந்திரத்து நகரி, புத்தூரிலும் அதே தறிச் சத்தம். 1960இல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது போட்ட கோடு தறிகளின் சிக்கலைப் பிரிக்கவில்லை. நாலைந்து தறி வைத்திருப்பவர் தரமணியில் இடம் வாடகைக்கு எடுக்க முடியுமா? அவருடைய கேள்வியை எந்தப் பேராசிரியரிடம் கொண்டுபோவார்?

கேள்வி இருக்கிறது, அதுவும் நல்ல அறிவியல் கேள்வி. கோடையில் தமிழகத்தின் வெப்பப் பட்டியலை எடுத்தால் திருத்தணியின் பெயர் வேலூரோடு போட்டி போடும். அந்த உலர்ந்த வெக்கையில் பாவு நூல் அறுகிறது. பருத்தி இழை விசித்திரமானது: ஈரம் ஏறினால் அதன் வலு கூடும், காய்ந்தால் குறையும். நூலுக்குப் போட்ட கஞ்சியும் காற்று உலர்ந்துவிட்டால் மொறமொறத்து உதிரும். ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். நின்ற நேரம் கூலியில் கழியும். குழித்தறி நெய்த பாட்டன்மார் தரையின் ஈரத்தோடு ஒட்டி உட்கார்ந்தார்கள். தகரக் கூரையின் கீழ் ஓடும் விசைத்தறிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. குறைந்த தண்ணீரில், குறைந்த மின்சாரத்தில் தறிக்கூடத்தின் ஈரப்பதத்தை எப்படிக் காப்பது, வெக்கை தாங்கும் கஞ்சிக்கு என்ன சேர்ப்பது? முனைவர் பட்டத்துக்குத் தகுந்த ஆய்வு இது.

சிறியவர்கள் சேர்ந்து ஆய்வுக்கூடம் நடத்த வழி உண்டென்று கோவை எப்போதோ காட்டிவிட்டது. 1956இல் அங்குள்ள ஆலைகள் கூடித் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், அதாவது சிட்ரா, சந்தையில் போட்டியாளர்களாக நிற்பவர்களுக்குப் பொதுவான கூடம். 2020 தொடக்கத்தில் கொரோனா வந்தபோது நாட்டில் உடல்முழுக் கவச உடை தைப்பவர்கள் இல்லையென்றே சொல்லலாம். தைத்தாலும் கிருமி உள்ளே வராது என்று யார் சான்று கொடுப்பது? ரத்தத்தின் பரப்பு இழுவிசையைக் கொண்ட செயற்கை ரத்தத்தைத் துணியின் ஒரு பக்கம் வைத்து, அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டி, மறுபக்கம் கசிகிறதா என்று பார்க்கும் சோதனை முதலில் சிட்ராவில்தான் நடந்தது. துணி தாங்கியும் தையல் ஓட்டை வழியே கசிந்தால் அந்த உடை தேறாது. தையல்மேல் நாடா ஒட்ட வேண்டும். சோதனையும் தையலும் ஒன்றையொன்று திருத்த, சில வாரங்களில் நாள் ஒன்றுக்கு லட்சக்கணக்கில் உடைகள் உருவாகின.

திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் தலைமையேற்ற பல்கலைக்கழகக் கல்விக் குழு, 1949இலேயே கிராமப்புறப் பல்கலைக்கழகங்கள் வேண்டுமென்று எழுதிவைத்தது. அந்த ஊரில் அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது. ரயில் பாதையில் வடக்கே போனால் திருப்பதி ஐஐடியில், மத்திய அரசின் தொழில்நுட்பப் புத்தாக்க மையங்களுள் ஒன்று இயங்குகிறது. இடமறிதலும் துல்லியத் தொழில்நுட்பங்களும் அதன் துறை. தறிக்கூடத்தின் வெப்பத்தையும் ஈரத்தையும் இழை இழுவிசையையும் அளக்கும் மலிவான உணரிகள் அவர்களுக்குக் கடினமான வேலையாக இருக்காது.

நூலின் வலுவைச் சோதிக்கும் கருவிகளோடு, ஈரப்பதம் கட்டுப்படுத்திய ஒரு கூடம், அதில் நாலு தறி: தொடங்க இவ்வளவு போதும். தறிக்காரர்கள் மாதச் சந்தா கட்டட்டும். வரும் பேராசிரியருக்குத் தரமணியின் விதியையே வைக்கலாம், திருப்பிப் போட்டு: தீர்த்துவைத்த தறிச் சிக்கலுக்கு ஒரு புள்ளி, அது பதவி உயர்வுக் கணக்கில் ஏற வேண்டும். முதல் ஆய்வை அக்னி நட்சத்திரத்துக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். பாவு அதிகம் அறும் நாட்களின் அளவீடுகள் கையில் இல்லாமல் கஞ்சியை மாற்ற முடியாது.