உங்களுக்குத் தெரியுமா? மலையேறினால் சொக்லேட் இல்லை, தேயிலை ஸ்டோர் உண்டு!

விடுமுறைக்குப் பிள்ளைகளோடு நுவரெலியா போகிறீர்களா? "அங்கே சொக்லேட் ஃபெக்டரி இருக்கா?" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல் கட்டாயம் வரும். பதிலைப் பிடியுங்கள்: கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அந்தக் குளிருக்குக் கொக்கோ மரம் தாக்குப்பிடிக்காது!

கொக்கோ காய்ப்பதெல்லாம் கீழே, மாத்தளை, கண்டிப் பக்கம். நம் நாட்டுக் கண்டோஸ் சொக்லேட்டுக்குத் தாய்வீடும் கண்டியை ஒட்டிய குண்டசாலைதான்!

மேலே இருப்பது அதைவிடப் பெரிய அதிசயம். தேயிலைத் தொழிற்சாலை! தோட்டத்து ஆட்களைக் கேட்டால் 'ஸ்டோர்' என்பார்கள். இன்று செடியில் நின்ற கொழுந்து, நாளைக்குத் தேயிலைத் தூளாகி மூட்டையில் கிடக்கும்!

சொக்லேட் ஆசையும் வீண்போகாது. இறம்பொடை வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறி, லபுக்கலைத் தேயிலைத் தோட்டத்தில் வண்டியை நிறுத்துங்கள். அங்கே தேநீரோடு சாப்பிடப் பேர்போனது எது தெரியுமா? சொக்லேட் கேக்!

இன்னொன்றையும் கேளுங்கள். கொக்கோவில் நிறைய இருக்கும் தியோபுரோமின், தேயிலையிலும் கொஞ்சம் உண்டு. ஆக, கேக்கும் தேநீரும் தூரத்துச் சொந்தக்காரர்கள்!

இனி ஸ்டோருக்குள்ளே வாருங்கள்!

மேல்மாடியில் நீள நீளமான தொட்டிகள். கம்பிவலைமேல் பரப்பிய பச்சைக் கொழுந்து. அடியிலிருந்து விசிறிக் காற்று, 12 மணி நேரத்துக்கும் மேலாக! வாடி முடிப்பதற்குள் கொழுந்தின் எடையில் ஏறக்குறைய பாதி, ஈரமாகவே பறந்துபோயிருக்கும்!

வாடிய கொழுந்தில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பொத்திப் பாருங்கள். ஒடியாது, நொறுங்காது. விரலை விரித்தால் உள்ளங்கையிலேயே மெல்ல மெல்லப் பிரிந்துகொள்ளும். அந்தப் பதம் வந்தால்தான் தேயிலை தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் தலையாட்டுவார்!

கீழே உருட்டும் இயந்திரம். கொழுந்தை நசுக்கிச் சுருட்டிவிடும். இலையின் சாறு கசிந்து தட்டெல்லாம் பிசுபிசுக்கும்!

இந்த இயந்திரங்களின் சக்கரங்களைக் காக்க ஒரு சாமி இருக்கிறார்! பெயர் ரோதமுனி! மலையகத் தொழிலாளர்கள் கும்பிடும் தெய்வம். செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலைக்கும் தனியாக ஒருவர், கவ்வாத்துசாமி! சொல்லுங்கள், எந்தச் சொக்லேட் ஃபெக்டரிக்கு இப்படி ஒரு காவல்தெய்வம்?

அடுத்ததுதான் என் உயிர்! நசுங்கிய இலையைப் பரப்பி வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். அவ்வளவுதான். பச்சை, கண்ணெதிரே செப்பு நிறமாகிறது! உறைமோர் வேண்டாம், ஈஸ்ட் வேண்டாம். காற்றுப் பட்டதே போதும்! குனிந்து முகர்ந்தால் புல்வாசம் மாறிப் பழவாசம் அடிக்கும்!

கொக்கோ விதை நொதிக்க நாட்கணக்காகும். தேயிலைக்கு? இரண்டு மூன்று மணி நேரம் போதும்!

அங்கிருந்து சூட்டடுப்பு. செம்பாக நுழைந்தது கறுப்பாக வெளியே வர 20 நிமிடம்தான். மிஞ்சும் ஈரம், நூற்றில் மூன்று பங்கு!

பச்சைத் தேயிலைக்கு வேறு செடி என்று நினைத்தீர்களா? அதே செடி! அதே இலை! செம்பாக மாறவிடாமல் முதலிலேயே சூடுகாட்டினால் பச்சைத் தேயிலை, மாறவிட்டால் கறுப்புத் தேயிலை!

தூளிலிருந்து நாரையும் காம்பையும் யார் பொறுக்குகிறார்கள்? மின்சாரம்! மின்னூட்டம் பெற்ற உருளை மேலே சுற்ற, நார் மட்டும் துள்ளிப் போய் அதில் ஒட்டிக்கொள்ளும்!

தேநீரைச் சுவை பார்க்கவும் உலக நியமம் உண்டு. 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் ஊறவேண்டும். ஐஎஸ்ஓ 3103 என்று இதற்கு எண்ணே இருக்கிறது! சுவைபார்ப்பவர் உறிஞ்சுகிற சத்தம் பக்கத்து அறைக்கே கேட்கும். பிள்ளைகள் வீட்டில் இப்படி உறிஞ்சினால் திட்டு விழும், இங்கே அதுதான் உத்தியோகம்!

நுவரெலியா நகரை ஒட்டிய பீட்ரு தோட்டம் 1885இல் தொடங்கியது. அங்கே வேலை சூடுபிடிப்பது எப்போது? இரவில்! குளிர் கூடினால்தான் பக்குவம் கூடுமாம். பகலில் போனால் இயந்திரம் தூங்கிக்கொண்டிருக்கலாம்!

ஸ்டோருக்குள்ளேயே படுத்துறங்க ஆசையா? கந்தப்பளைக்குப் போங்கள். பழைய ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாகிவிட்டது. கொழுந்து வாடிய மாடிகளில் இன்று விருந்தாளிகளின் கட்டில்!

செடிப்பக்கம் வாருங்கள். இடுப்பளவு நிற்கிறதே, அது செடியே அல்ல, மரம்! வெட்டாமல் விட்டால் 30 அடியையும் தாண்டும்! தோட்டத்தில் மூன்று நான்கு வருடத்துக்கொரு முறை கவ்வாத்து விழுவதால்தான் நம் கைக்கு எட்டுகிறது.

செடிகளின் தலை ஒரே மட்டமாக இருப்பதைப் பார்த்து வாய்பிளப்பீர்கள். அதன் இரகசியம் ஒரே ஒரு குச்சி! மட்டக்கம்பு என்பார்கள். செடிமேல் கிடத்தி, அதற்கு மேலே தலைநீட்டும் கொழுந்தை மட்டும் கிள்ளுகிறார்கள்!

கிள்ளுவது இரண்டு இலை, ஒரு மொட்டு. ஏழெட்டு நாளில் அதே செடிக்கு மறுபடி வரவேண்டும். ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து தேவை!

கணக்குப் போடுங்கள். பல தோட்டங்களில் ஒரு நாளைக்கு ஒரு பெண் 18 கிலோ கொழுந்து கொண்டுவர வேண்டும். அது 4 கிலோ தூள். கோப்பைக்கு 2 கிராம். ஒரே பெண்ணின் ஒரே நாள் உழைப்பு, 2,000 கோப்பைத் தேநீர்! சரிவில் நின்று, மழையில் நனைந்து, அட்டைக் கடியோடு! புகைப்படம் எடுக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சும்மா கிளிக் அடித்துவிட்டு ஓடாதீர்கள்!

இந்தத் தோட்ட மக்களின் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வரத் தொடங்கியது 1823இல். வந்தது தேயிலைக்கு அல்ல, கோப்பிக்கு! தலைமன்னாரில் கரையிறங்கி, காடு கடந்து, மாத்தளை வழியாக நடந்தே வந்தார்கள்! 200 ஆண்டு நிறைந்த 2023இல், தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியில் மலையக மக்கள் மறுபடி நடந்து காட்டினார்கள்!

கோப்பியைக் காலி பண்ணியது யார்? கண்ணுக்கே தெரியாத ஒரு பூஞ்சணம்! 1869இல் இலங்கையில் தலைகாட்டியது. இலையில் துருப்பிடித்தது போல் மஞ்சள் புள்ளிகள். கொஞ்ச வருடத்தில் மலைமலையாகக் கோப்பி அழிந்தது!

அந்தப் பூஞ்சணம் தலைகாட்ட இரண்டு வருடம் முன்பே ஒருவர் தேயிலை நட்டுவிட்டார்! ஸ்கொட்லாந்திலிருந்து 1852இல், பதின்ம வயதிலேயே கப்பலேறி வந்த ஜேம்ஸ் டெய்லர். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கர். வர்த்தக ரீதியில் இந்த நாட்டின் முதல் தேயிலைத் தோட்டமே அதுதான்!

அவருடைய முதல் 'தொழிற்சாலை' எது? பங்களா வராந்தா! மேசைமேல் கொழுந்தைப் போட்டுக் கையாலேயே உருட்டினார்!

1873இல் லண்டனுக்குப் போன முதல் ஏற்றுமதி எவ்வளவு தெரியுமா? 23 இறாத்தல்! ஒரு பிரயாணப் பைக்குள் அடங்கிவிடும்!

டெய்லர் 40 வருடம் இங்கே இருந்தார். எடுத்த விடுமுறை ஒன்றே ஒன்று, 1874இல். எங்கே போனார்? டார்ஜிலிங்குக்கு! எதற்கு? அங்கே தேயிலை செய்வதைப் பார்க்க! 1892இல் இறந்தபோது பெட்டியை மாறி மாறிச் சுமக்க 24 பேர் தேவைப்பட்டார்களாம், அவ்வளவு பெரிய உடம்பு. தொழிலாளர்கள் அவரை அழைத்த பெயர் 'சாமி துரை'. கண்டி மஹியாவையில் கல்லறை இருக்கிறது, வழியில் பார்த்துவிட்டுப் போங்கள்!

ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு சேதி. நுவரெலியாவுக்குப் போக இறங்கும் நானுஓயாவுக்கு ரயில்பாதை வந்தது 1885இல். அதற்கும் மேலே பட்டிப்பொல, நாட்டிலேயே உயரமான இடத்தில் உள்ள ஸ்டேஷன்!

ஹட்டன் நெஷனல் வங்கி என்று ஊரெல்லாம் கிளை பார்க்கிறீர்களே! 1888இல் தோட்டக்காரர்களின் பணத்துக்காக ஹட்டன் என்ற குட்டி மலை நகரத்தில் பிறந்ததுதான் அது!

மலையில்தான் அதிகத் தேயிலை விளைகிறது என்று பந்தயம் கட்டாதீர்கள், தோற்பீர்கள்! நாட்டின் தேயிலையில் பாதிக்கு மேல் தாழ்நிலத்தில், 2,000 அடிக்குக் கீழே விளைகிறது!

கடைசியாக ஒன்று. ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு இலங்கை பட்ட கடன் 251 மில்லியன் டொலர். கையில் டொலர் இல்லை. 2021இல் என்ன பேசி முடித்தார்கள் தெரியுமா? கடனுக்குத் தேயிலை! மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதிக்குக் கப்பலில்!