கடைமுகப்பில் எஞ்சிய விளம்பரம்

சேரன்மகாதேவி, முக்கூடல், வீரவநல்லூர் எனத் தாமிரபரணியை ஒட்டிய ஊர்களில் புகையிலை பல குடும்பங்களின் பிழைப்பாக இருக்கிறது. இலையும் தூளும் வாங்கிவந்து வீட்டிலேயே பீடி சுற்றும் பெண்களின் உழைப்பில் பிள்ளைகளின் படிப்புச் செலவும் அடங்கியிருப்பதால், புகையின் கேட்டைப் பற்றி இங்கு யார் பேசினாலும் அது சுற்றும் கைகளைப் பழிப்பதாகவே கொள்ளப்படுகிறது. பழிக்கத்தக்கது அந்தக் கைகள் அல்ல. தீங்கு தெரிந்த பின்னரும் புகையை விரும்பத்தக்கதாகக் காட்டி, புதிய தலைமுறையை அதன்பால் இழுத்த விளம்பரக் கலையே.

அந்தக் கலை சிகரெட்டின் சுவையைவிட, அதைப் பிடிப்பவர் யாராகத் தோன்றுவார் என்பதையே முதன்மையாக விற்றது. 1929ஆம் ஆண்டு ஈஸ்டர் நாளில் நியூயார்க் வீதியில் சில பெண்கள் பலரறியச் சிகரெட் பற்றவைத்தபோது, பத்திரிகைகள் அதைப் பெண்விடுதலைச் செய்தியாக வெளியிட்டன. அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனத்துக்காக அந்த ஊர்வலக் காட்சியை ஏற்பாடு செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ் என்னும் விளம்பர வல்லுநர். விளம்பரம் செய்தியின் உடையில் வந்ததால், அதை ஐயுற வேண்டும் என்ற எண்ணமே படித்தவர்களுக்கு எழவில்லை. பெண்களுக்குரிய மென்மையான சிகரெட் என்று முன்பு விற்கப்பட்ட மார்ல்போரோ, 1950களின் நடுவில் மாடு மேய்க்கும் கௌபாயின் படத்தோடு ஆண்மையின் அடையாளமாக மாற்றப்பட்டது.

1950இல் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் ஆகியோரின் ஆய்வு புகைப்பழக்கத்தை நுரையீரல் புற்றுநோயோடு தொடர்புபடுத்திய பின், நிறுவனங்கள் வேறொரு சரக்கையும் விற்கத் தொடங்கின. அதன் பெயர் ஐயம். 1954 ஜனவரி 4 அன்று அமெரிக்கப் பத்திரிகைகளில் அவை வெளியிட்ட முழுப்பக்க அறிக்கை, மக்கள் நலமே தங்கள் முதற்கடமை என்று கூறிக்கொண்டே, நோய்க்கான சான்று உறுதியாகவில்லை என்ற எண்ணத்தை விதைத்தது. இந்நிறுவனங்கள் பொதுமக்களைப் பல்லாண்டுகள் ஏமாற்றின என்று 2006இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் அரை நூற்றாண்டு கடந்திருந்தது.

இந்தியாவில் வில்ஸ் விளம்பரங்கள் மனமொத்த தம்பதியரின் மகிழ்ச்சியைச் சிகரெட்டோடு இணைத்தன. அரசுத் தொலைக்காட்சி சிகரெட் விளம்பரங்களை ஏற்காதபோதும், 1996ஆம் ஆண்டின் கிரிக்கெட் உலகக் கோப்பை 'வில்ஸ் உலகக் கோப்பை' என்றே பெயர்பெற்றதால், ஆட்டம் பார்த்த சிறுவர்கள் ஒவ்வொருவரின் காதிலும் அந்தப் பெயர் விழுந்தது. புரவலர் என்ற பெயரில் நிகழும் இவ்வகை விளம்பரத்தையும் சேர்த்தே 2003ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் 5ஆவது பிரிவு தடைசெய்தது. அத்தடை 2004 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஆயினும் புகையிலை விற்கும் கடையில் பலகை வைக்கச் சட்டம் இடம் விட்டது. அப்பலகை 60 சென்டிமீட்டருக்கு 45 சென்டிமீட்டர் என்ற அளவைத் தாண்டக்கூடாது, வணிகப்பெயரோ பெட்டியின் படமோ இடம்பெறக்கூடாது, பின்னிருந்து ஒளியூட்டக்கூடாது என்று விதிகள் கூறுகின்றன. பளபளக்கும் வண்ணத் தட்டிகள் மிட்டாய்ப் புட்டிகளின் அருகே, பள்ளிப் பிள்ளைகளின் கண்மட்டத்தில் நிற்பது இவ்விதிகளுக்கு நேர்மாறானது. 2016 ஏப்ரல் 1 முதல் பெட்டியின் 85 விழுக்காட்டுப் பரப்பில் எச்சரிக்கைப் படம் கட்டாயமானாலும், சில்லறையாக ஒற்றைச் சிகரெட்டோ பீடியோ வாங்குபவர் அதைப் பார்ப்பதேயில்லை. பீடி இலையில் சுற்றப்படுவதால் கேடு குறைந்தது என்ற நம்பிக்கையும் தவறு. அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துவிடும் பீடி, நிகோட்டினையும் தாரையும் சிகரெட்டுக்குக் குறையாமல் உடலுக்குள் செலுத்துகிறது.

கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள், அதாவது ஏறத்தாழ 91 மீட்டருக்குள், புகையிலைப் பொருள் விற்பதும், 18 வயது நிறையாதவருக்கு எங்கு விற்பதும் குற்றம். இதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கும் அபராதம் 200 ரூபாயைத் தாண்டாது என்பது அதன் பெருங்குறை. ஆனால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவு, குழந்தைக்குப் புகையிலை கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க வழிசெய்கிறது; இப்பிரிவைப் பெற்றோர் அறிந்திருப்பது அவசியம். விதிமீறிய விளம்பரத்தைக் கைப்பற்றும் அதிகாரம் காவல் உதவி ஆய்வாளருக்கும் அவருக்கு மேற்பட்டோருக்கும் உண்டு. கடையின் பெயர், இடம், நாள், ஒளிப்படம் ஆகியவற்றோடு காவல் நிலையத்தில் எழுத்தாகப் புகார் அளிக்கலாம். நடவடிக்கை இல்லையெனில் சேரன்மகாதேவி சார் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைத் தவறாமல் பெற்றுக்கொள்ள வேண்டும். பழக்கத்தை விட விரும்புவோர் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம்.