பதிவேட்டில் இல்லாத பத்து ஆண்டுகள்: கல்லூரிக் காற்பந்துப் பயிற்றுநர் ஜெர்ரி யேக்லி

தமிழ்ப்பள்ளிகளுக்கு இடையிலான காற்பந்துப் போட்டி நடக்கும் எந்தத் திடலுக்குப் போனாலும் ஓர் ஆசிரியரைப் பார்க்கலாம். காலையிலேயே வந்து கோல் வலையைக் கட்டுவார். தம் காரின் பின்பகுதியில் பந்துகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் ஏற்றி வந்திருப்பார். பிள்ளைகளின் காலணி கிழிந்திருந்தால் அதற்கும் அவரே வழி பார்ப்பார். மாலையில் கிண்ணம் கிடைத்தால் படத்தில் அவரும் நிற்பார். கிடைக்காவிட்டால் அவர் அன்று செய்த வேலை எந்த அறிக்கையிலும் இடம்பெறாது.

அப்படிப்பட்ட உழைப்பில்தான் அமெரிக்காவின் மிகப் பெரிய கல்லூரிக் காற்பந்துச் சாதனைகளுள் ஒன்று தொடங்கியது. அதற்குரியவர் ஜெர்ரி யேக்லி. இந்தியானா பல்கலைக்கழக ஆண்கள் குழுவின் பயிற்றுநராக 1973 முதல் 2003 வரை 31 பருவங்கள் இருந்தார். 544 வெற்றி, 101 தோல்வி, 45 சமநிலை. ஆறு தேசியப் பட்டங்கள். சராசரியாகப் பார்த்தால் ஒரு பருவத்திற்கு 17 வெற்றிகளுக்கு மேல். தோல்வியோ மூன்றுக்குச் சற்றே அதிகம்.

இந்தக் கணக்கில் ஒரு பகுதி விடுபட்டிருக்கிறது. அவர் இந்தியானாவுக்கு வந்தது 1973இல் அல்ல, 1963இல். அதற்கு இடைப்பட்ட பத்து ஆண்டுகளின் வெற்றிகள் எதுவும் அந்த 544இல் சேரவில்லை.

கல்லூரிக் காற்பந்து என்றால் என்ன?

நமக்குத் தெரிந்த காற்பந்து உலகில் சிறந்த இளையர்கள் பதின்ம வயதிலேயே ஒரு கிளப்பின் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்துவிடுவார்கள். படிப்பு பெரும்பாலும் இரண்டாம் இடத்துக்குப் போய்விடும். அமெரிக்காவில் நீண்டகாலமாக வழி வேறாக இருந்தது. அங்கு விளையாட்டில் மேலே வர விரும்பும் இளையர் பல்கலைக்கழகத்துக்குப் போவார். அங்கே படித்துக்கொண்டே பல்கலைக்கழகக் குழுவுக்கு ஆடுவார்.

இதை நடத்தும் அமைப்பின் சுருக்கப் பெயர் என்சிஏஏ. காற்பந்துக்கான அதன் தேசியப் போட்டி 1959இல் தொடங்கியது. ஆகஸ்டில் பருவம் தொடங்கி, டிசம்பரில் இறுதியாட்டத்துடன் முடியும். தேசியப் போட்டியில் ஒரு முறை தோற்றால் வெளியேற வேண்டியதுதான். இரண்டாம் சுற்று ஆட்டம் கிடையாது. ஆடுபவர் முழுநேர மாணவராகவும் இருக்க வேண்டும். பாடங்களில் குறிப்பிட்ட தரத்தை எட்டாவிட்டால் எவ்வளவு திறமை இருந்தாலும் திடலில் இறங்க முடியாது.

ஆட்ட விதிகளிலும் சில வேறுபாடுகள் உண்டு. வெளியே எடுக்கப்பட்ட ஆட்டக்காரர் சில வரம்புகளுக்கு உட்பட்டு மீண்டும் உள்ளே வரலாம். திடலில் உள்ள கடிகாரம் 45 நிமிடத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணும்.

பயிற்றுநருக்குப் பெரிய சோதனை வேறொன்று. ஒரு மாணவர் வழக்கமாக நான்கு பருவங்களே ஆட முடியும். மென்செஸ்டர் யுனைடெட்டில் சர் அலெக்ஸ் ஃபெர்குசன் ரயன் கிக்ஸை இருபது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தார். கல்லூரிப் பயிற்றுநருக்கு அந்த வாய்ப்பே இல்லை. ஒவ்வோர் ஆண்டும் குழுவில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் பட்டம் பெற்றுப் போய்விடுவார்கள். 31 பருவங்கள் என்றால், ஒரு குழுவை முழுமையாக ஏழெட்டு முறை புதிதாகக் கட்டியதற்குச் சமம்.

கூடைப்பந்து ஊரில் ஒரு காற்பந்துக்காரர்

யேக்லி பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்தவர். வெஸ்ட் செஸ்டர் கல்லூரிக்கு ஆடினார். முதல் இரண்டு தேசியப் போட்டிகளையும் வென்றிருந்த செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தை, 1961 இறுதியாட்டத்தில் 2-0 என்ற கோல் கணக்கில் வீழ்த்திய குழு அது. தேசியப் பட்டத்தின் ருசியை ஆட்டக்காரராக அறிந்தவர்தான் 1963இல் புளூமிங்டன் நகருக்கு, இந்தியானா பல்கலைக்கழகத்துக்கு வேலைக்குப் போனார்.

இந்தியானா மாநிலத்தில் கூடைப்பந்து என்பது ஏறக்குறைய ஒரு மதம். நீச்சலிலும் அந்தப் பல்கலைக்கழகம் கொடிகட்டிப் பறந்தது. 1968 முதல் 1973 வரை தொடர்ந்து ஆறு தேசியப் பட்டங்கள். ஒலிம்பிக் நாயகன் மார்க் ஸ்பிட்ஸ் அங்குதான் நீந்தினார். அந்தச் சூழலில் காற்பந்து யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. யேக்லியிடம் ஒப்படைக்கப்பட்டது ஒரு மாணவர் கிளப் மட்டுமே.

கிளப்புக்கும் பல்கலைக்கழகக் குழுவுக்கும் உள்ள வேறுபாட்டை நம் வாசகர்கள் எளிதில் புரிந்துகொள்ளலாம். பல்கலைக்கழகக் குழுவுக்கு அதிகாரபூர்வ நிதி ஒதுக்கீடு உண்டு, உபகாரச் சம்பளம் உண்டு, நாடெங்கும் போய் ஆட்டக்காரர்களைத் தேடும் வாய்ப்பு உண்டு, தேசியப் போட்டியில் இடம் உண்டு. கிளப்புக்கு இவை எதுவும் இல்லை. ஆர்வமுள்ள மாணவர்கள் கூடி ஆடுவார்கள், அவ்வளவுதான். எவ்வளவு நன்றாக ஆடினாலும் தேசியப் பட்டத்துக்கு வழியே இல்லை.

இப்படியே பத்து ஆண்டுகள் போயின. வேறொருவராக இருந்தால் இரண்டாம், மூன்றாம் ஆண்டிலேயே வேறு வேலை தேடியிருப்பார். யேக்லி அங்கேயே இருந்தார். 1973இல் காற்பந்து பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ விளையாட்டாக ஏற்கப்பட்டது.

அந்தப் பத்து ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதை அடுத்த மூன்று ஆண்டுகள் காட்டின. 1976இல், அதிகாரபூர்வக் குழுவாகி நான்காவது பருவத்திலேயே, இந்தியானா தேசிய இறுதியாட்டத்தில் நின்றது. வெறும் நான்கு ஆண்டுகளில் யாரும் அப்படியோர் இடத்துக்கு வந்துவிட முடியாது. அஸ்திவாரம் முன்பே போடப்பட்டிருந்தது.

தோல்வியும் சேர்ந்த வரலாறு

ஆறு பட்டங்களைப் பற்றி எழுதுபவர்கள் பலர் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. யேக்லியின் குழு தேசிய இறுதியாட்டத்துக்கு வந்தது 12 முறை. வென்றது ஆறு, தோற்றதும் ஆறு.

முதல் மூன்று இறுதியாட்டங்களிலும் தோல்வியே. 1976, 1978, 1980 ஆகிய மூன்று முறையும் எதிரில் நின்றது ஒரே குழு, சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம். தகுதி விதி மீறலுக்காக சான் பிரான்சிஸ்கோவின் 1978 பட்டம் பின்னர் ரத்து செய்யப்பட்டது. அதனால் இந்தியானாவுக்குப் பட்டம் வந்துவிடவில்லை. 1980இல் கூடுதல் நேரம் வரை போய் 4-3 என்று கை நழுவியது.

நான்காவது முறை 1982இல் வந்தது. ஃபுளோரிடாவில் நடந்த இறுதியாட்டத்தில் எதிரணி டியூக் பல்கலைக்கழகம். ஆட்டம் 1-1 என்று நின்றது. அப்போது பினால்டி மூலம் முடிவு காணும் வழக்கம் அங்கு இல்லை. கூடுதல் நேரத்துக்கு மேல் கூடுதல் நேரம் ஆடினார்கள். எட்டாவது கூடுதல் நேரத்தில்தான் முடிவு கிடைத்தது. இந்தியானாவின் இரு கோல்களையும் அடித்தவர் கிரெக் தோம்ப்சன். அவர் தற்காப்பு ஆட்டக்காரர். கிளப்பை ஏற்ற 1963இலிருந்து எண்ணினால், முதல் பட்டத்துக்கு யேக்லி காத்திருந்தது 19 ஆண்டுகள்.

அடுத்த ஆண்டே கொலம்பியா பல்கலைக்கழகத்தை 1-0 என்று வென்று பட்டத்தைத் தற்காத்தார்கள். 1984இல் தொடர்ந்து மூன்றாவது பட்டம் என்ற கனவை கிளெம்சன் கலைத்தது. 1988இல் சொந்த ஊரான புளூமிங்டனிலேயே ஹாவர்ட் பல்கலைக்கழகத்தை வீழ்த்தி மூன்றாவது பட்டம்.

பிறகு பத்து ஆண்டுகள் பட்டமே இல்லை. 1994இல் இறுதியாட்டம் வரை வந்து, புரூஸ் அரினா பயிற்றுவித்த வெர்ஜினியாவிடம் 1-0 என்று தோற்றார்கள். அந்தக் குழுவில் யேக்லியின் மகன் டாட்டும் ஆடினார். 1997இல் பருவம் முழுவதும் தோல்வியே காணாமல் வந்த குழு, அரையிறுதியில் கலிபோர்னியாவின் யுசிஎல்ஏ குழுவிடம் கூடுதல் நேரத்தில் விழுந்தது. அன்று கண்ணீருடன் திடலை விட்டுப் போனவர்களில் பலர் அடுத்த ஆண்டு திரும்பி வந்தார்கள். 1998இல் ஸ்டான்ஃபர்டையும் 1999இல் சாந்தா கிளாராவையும் வென்று இரண்டு பட்டங்களைத் தொடர்ந்து கைப்பற்றினார்கள்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். ஆனால் யேக்லியிடம் இருந்தது வெறும் பொறுமை மட்டுமல்ல. தோற்ற குழுவிலிருந்து எதைத் தக்கவைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

போகாமல் இருந்ததும் ஒரு முடிவு

அவர் காலத்துப் பயிற்றுநர்கள் பலர் கல்லூரியிலிருந்து மேலே போனார்கள். வெர்ஜினியாவின் புரூஸ் அரினா தொழில்முறை லீக்குக்குப் போய், பின்னர் 2002 உலகக் கிண்ணத்தில் அமெரிக்கத் தேசியக் குழுவைக் காலிறுதிக்கு அழைத்துச் சென்றார். பிரின்ஸ்டனின் பாப் பிராட்லியும் யுசிஎல்ஏவின் சிகி ஷ்மிட்டும் அதே வழியில் போனார்கள். யேக்லி புளூமிங்டனை விட்டு நகரவில்லை.

அவரிடம் ஆடியவர்கள்தான் வெளியே போனார்கள். ஹொண்டுராசைச் சேர்ந்த அர்மாண்டோ பெத்தான்கோர்ட், நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹெர்மன் விருதை 1981இல் பெற்று, மறு ஆண்டு தம் நாட்டுக்காக உலகக் கிண்ணத்தில் ஆடினார். ஜான் ஸ்டோல்மேயர் 1990இல் இத்தாலியில் அமெரிக்காவுக்கு ஆடினார். பிரையன் மேசனூவ் 1998இல் பிரான்சில் ஆடினார். கோல் காவலர் யுர்கன் சோமர் இங்கிலாந்து பிரிமியர் லீக்கில் ஆடினார். கென் ஸ்னோ ஹெர்மன் விருதை 1988, 1990 என இரு முறை வென்றார்.

2003தான் தமது கடைசிப் பருவம் என்று யேக்லி முன்கூட்டியே அறிவித்துவிட்டார். அந்தப் பருவத்தின் தொடக்கம் மோசமாக இருந்தது. பெரிய பயிற்றுநர் தோல்வியோடு விடைபெறப் போகிறார் என்றே பலர் நினைத்திருப்பார்கள். பிறகு குழு எழுந்தது. டிசம்பரில் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் நடந்த இறுதியாட்டத்தில் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தை 2-1 என்று வென்றார்கள். யேக்லியின் கடைசி ஆட்டம், ஆறாவது பட்டம்.

ஒரு பயிற்றுநர் எதை விட்டுப் போகிறார் என்பதை அவர் போன பிறகுதான் அறிய முடியும். அவரிடம் ஆட்டக்காரராக இருந்து நீண்டகாலம் உதவிப் பயிற்றுநராகவும் பணியாற்றிய மைக் ஃபிரெய்டாக் பொறுப்பேற்று, 2004ஆம் ஆண்டிலேயே மீண்டும் பட்டம் வென்றார். 2010இல் டாட் யேக்லி பொறுப்புக்கு வந்தார். 2012இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தை வென்று எட்டாவது பட்டத்தைக் கொண்டுவந்தார். 1994இல் இறுதியாட்டத்தில் தோற்ற அதே மகன்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

காற்பந்தில் ஆர்வமுள்ள பிள்ளையைப் பெற்ற நம் வீடுகளில் எஸ்பிஎம் நெருங்கும்போது ஒரே பேச்சுதான்: "பந்தை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடு." அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. தொழில்முறை ஆட்டக்காரராகி நிலைப்பவர்கள் மிகச் சிலரே. காயம் ஒன்று போதும், எல்லாம் முடிந்துவிடும். அமெரிக்கக் கல்லூரி முறை படிப்பு, பந்து இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைக்கிறது என்பதால் வெளிநாட்டு மாணவர்களும் அதை நாடுகிறார்கள்.

ஆனால் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உபகாரச் சம்பளம் என்றால் முழுச் செலவும் கிடைத்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. உயர்நிலைப் பிரிவில் ஆண்கள் காற்பந்துக் குழு ஒன்றுக்குப் பல ஆண்டுகளாக இருந்த வரம்பு 9.9 முழு உபகாரச் சம்பளங்கள் மட்டுமே. குழுவிலோ இருபதுக்கும் மேற்பட்டோர் இருப்பார்கள். பயிற்றுநர் அதைப் பிரித்துத்தான் கொடுப்பார். ஒருவருக்குப் பாதி, ஒருவருக்குக் கால், சிலருக்கு ஒன்றுமே இல்லை. 2025இல் இந்த விதிகள் பெரிதும் மாறின. இருந்தாலும் எவ்வளவு கிடைக்கும், எத்தனை ஆண்டுக்கு, காயம் பட்டால் என்ன ஆகும் என்ற மூன்று கேள்விகளையும் எழுத்துபூர்வமாகக் கேட்டுப் பெறுவது நல்லது. இடைத்தரகர் சொல்லும் வாய்வார்த்தை போதாது.

யேக்லியின் கதை பெற்றோரைவிட நம் பள்ளிகளுக்கும் கிளப்புகளுக்கும்தான் அதிகம் பொருந்தும். ஒரு பயிற்றுநர் இரண்டு ஆண்டில் கிண்ணம் கொண்டுவராவிட்டால் அவரை மாற்றிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. இந்தியானா அப்படிச் செய்திருந்தால் 1976 இறுதியாட்டமே வந்திருக்காது. 1982க்கு வழியே இல்லை.

புளூமிங்டனில் இந்தியானா குழு ஆடும் திடலுக்கு இன்று ஜெர்ரி யேக்லியின் பெயர். சாதனைப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே இருப்பது 1973 முதல் 2003 வரை என்ற ஆண்டுகள். 1963 முதல் 1972 வரையிலான கோடு அங்கே காலியாகவே இருக்கிறது. அடுத்த முறை பள்ளித் திடலில் கோல் வலை கட்டும் ஆசிரியரைப் பார்த்தால், அவர் அந்தக் காலிக் கோட்டில் எந்த ஆண்டில் நிற்கிறார் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம். முடிந்தால் வலையின் மறுமுனையைப் பிடிக்கலாம்.