கண் கெடும் முன்னே

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு?" என்பது பழமொழி. இதன் உண்மையை நாங்கள் எங்கள் பாட்டியிடமிருந்தே கற்றோம்.

அரிசியில் கல் பொறுக்கப் பாட்டிக்கு முடியவில்லை. வாசலில் நிற்பவரைக் குரலை வைத்தே அடையாளம் கண்டார். "வயதானால் இப்படித்தான்" என்று இரண்டு ஆண்டுகள் வாளாவிருந்தோம். நந்தியாவட்டைச் சாறும் விட்டுப் பார்த்தோம். பிறகு மருத்துவரிடம் சென்றபோது, ஒரு கண்ணில் கண்புரை, மற்றதில் கண் அழுத்த நோய் என்றார். புரை கண் அறுவைக்குப் பின் தெளிந்தது. மற்ற கண்ணில் போன பார்வை போனதுதான்.

இவ்விரு நோய்களுக்கும் உள்ள வேற்றுமையை அனைவரும் அறிதல் வேண்டும். கண்ணுக்குள் இருக்கும் வில்லை மங்குவது கண்புரை. அதை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்தினால் பார்வை மீளும். கண் அழுத்த நோயோ பார்வை நரம்பையே அழிப்பது. பெரும்பாலும் வலி இராது. இழந்த பார்வையும் திரும்பாது. ஆகவே நாற்பது வயதைக் கடந்தோர் கண் அழுத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். நீரிழிவு உள்ளோர் ஆண்டுதோறும் விழித்திரையைக் காட்ட வேண்டும். கண்ணாடிக் கடையில் பார்க்கும் பரிசோதனை மட்டும் இதற்குப் போதாது.

சரி, எங்கே செல்வது? சிங்கப்பெருமாள் கோயிலில் வாழும் நமக்கு அருகில் இருப்பது செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கிருந்து மேல்சிகிச்சைக்கு அனுப்பினால் அஞ்ச வேண்டாம். நம் ஊர் நிலையத்தில் கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறி எழும்பூரில் இறங்கினால், அரசு கண் மருத்துவமனை அருகிலேயே உள்ளது.

அம்மருத்துவமனை 1819-ஆம் ஆண்டு தோன்றியது. 1805-இல் லண்டனில் தொடங்கிய மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனைக்கு அடுத்து, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று இது. முதலில் ராயப்பேட்டையில் இருந்து, பின்னர் எழும்பூருக்கு வந்தது. இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-இல் இங்கேதான் அமைந்தது. அரசு மருத்துவமனையில் கண்புரை அறுவை இலவசம். அதே ரயில் வழியில் நுங்கம்பாக்கத்தில், 1978-இல் டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத் நிறுவிய சங்கர நேத்ராலயாவும் உள்ளது.

செல்லுமுன் சில குறிப்புகள்: காலையிலேயே புறப்படுங்கள். பழைய கண்ணாடி, மருந்துச் சீட்டு, ஆதார் அட்டை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். எனவே துணையோடு செல்லுங்கள். கண்ணில் சுண்ணாம்பு பட்டால் மட்டும் ரயிலுக்குக் காத்திராதீர்கள். உடனே தூய நீரால் நெடுநேரம் கழுவி, அருகிலுள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள்.

அன்புத் தோழியரே! இன்று மாலை வீட்டுக்குப் போனதும் உங்கள் பாட்டியை ஒரு கண்ணை மூடச் சொல்லி, மறு கண்ணால் நாட்காட்டியைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு அடுத்த கண்ணால் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் "வயதானால் இப்படித்தான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நாங்கள் சொல்லி இழந்தது போதும்.