ஆள் இல்லாத ஊரில் நிலம் இருக்கிறது



தூத்துக்குடி மாவட்டத்திலே மீனாட்சிபுரம் என்று ஒரு சின்னஞ்சிறு கிராமம். முன்பு அங்கே பல குடும்பங்கள் இருந்தன. குடிதண்ணீருக்குத் திண்டாட்டம், வேலைக்கு வழியில்லை, வெள்ளாமையோ வானம் பார்த்தது. ஒவ்வொரு குடும்பமாக ஊரைவிட்டுப் போய்விட்டது. ஒரே ஒரு பெரியவர் மட்டும் நகரமாட்டேன் என்று தங்கியிருந்தார். 2024இல் அவரும் காலமாக, நிலையாகக் குடியிருக்க ஆளே இல்லை என்றாகிவிட்டது. கோயில் விழா என்றால்தான் சனங்கள் வந்து கூடுவார்கள்.

"ஊரே போனபிறகு விவசாயத்தைப் பற்றிப் பேச என்னய்யா இருக்கிறது?" என்று கேட்பீர்கள். இருக்கிறதுங்க. ஆள் போனாலும் பட்டா போவதில்லை. டவுனில் இருந்துகொண்டு எப்போதாவது வந்து நிலத்தைப் பார்க்கிறவர்கள், பக்கத்து ஊரிலிருந்து வந்து வாரத்துக்கு உழுகிறவர்கள் நம் மானாவாரிப் பகுதிகளில் நிறையப் பேர். இந்தப் பேச்சு அவர்களுக்குத்தான்.

ஆள் புழங்காத காட்டை முதலில் பிடித்துக்கொள்வது சீமைக் கருவேல். காயை ஆடுமாடு தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் விழுந்து முளைக்கும். வெட்டிப் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். வெட்டிய தூரிலிருந்து நாலு கிளையாகத் தழைத்து வரும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது தூரோடு தோண்டி எடுக்க வேண்டும். இந்த வருஷம் கையால் பிடுங்கக்கூடிய செடியை மூன்று வருஷம் விட்டால், பொக்லைன் வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது தண்ணீர். என்னைக் கேட்டால், விதைக்கு அலைவதற்கு முன்னால் ஊருணிக்கு வருகிற ஓடையைப் போய்ப் பாருங்கள் என்பேன். ஊரில் ஆள் இருந்தவரை எல்லாரும் சேர்ந்து மராமத்துப் பார்த்தார்கள். ஆள் போனால் ஓடை தூர்ந்துவிடும், ஊருணி நிறையாது. ஊருணியில் தண்ணீர் இல்லையென்றால் மாடு கட்ட முடியாது, களை எடுக்க வருகிற பெண்கள் குடிக்கக்கூட வழியிராது. அப்புறம் யார் வேலைக்கு வருவார்கள்?

மழை இல்லை என்று சொல்கிறோம். ஒரு ஏக்கரில் 25 மில்லிமீட்டர் பெய்தாலே விழுகிற தண்ணீர் சுமார் 1 லட்சம் லிட்டர். கரிசல் நனைந்து வெடிப்பு மூடிக்கொண்டபின் பெய்வதில் பெரும்பகுதி வழிந்து ஓடிவிடும். 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழத்தில் ஒரு குழி 2 லட்சம் லிட்டர் பிடிக்கும். கரை சரியாமலிருக்கச் சரிவாக வெட்டினால் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. நிலத்தின் தாழ்ந்த மூலையில் பண்ணைக்குட்டை வெட்டுங்கள்.

பயிர் விஷயத்தில் ஒன்று. ராத்தங்க ஆள் இல்லாத இடத்தில் மக்காச்சோளம் போட்டால் பன்றிக்குத்தான் ஆகும். கம்புக்குக் குருவிக் காவல் வேண்டும். உளுந்து, பாசி என்றால் 65 முதல் 75 நாளில் கைக்கு வந்துவிடும். காவல் நாளும் குறைவு.

விதைத்தபின் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து அடங்கலில் பயிரைப் பதிந்துகொள்ளுங்கள். பயிர்க் காப்பீட்டுக்கு அது வேண்டும். பட்டா இன்னும் தாத்தா பேரிலேயே கிடந்தால் பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து மாற்ற வேண்டும். அவர்களை ஒருசேரப் பிடிக்கத் தோதான நாள் கோயில் கொடை நாள்தான். ஓடை வெட்டுகிற பேச்சையும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.